சாராள் துலக்கிய விமானம்

பொன்னேரியில் எங்கள் அரசு அலுவலகத்தைத் தினக்கூலிக்குப் பெருக்கிக்கொண்டிருந்தவள் சாராள். பன்னிரண்டு வருஷம். 1969இல் அவளை நிரந்தரமாக்கும் கோப்பு என் மேஜையில் இருந்தது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. புருஷனை இழந்தவள், அதை நம்பித்தான் இருந்தாள்.

அப்போதுதான் பழவேற்காடு ஏரிச் சேற்றில் இரண்டாம் உலக யுத்தகாலப் போர்விமானம் ஒன்று அகப்பட்டது. இழுத்துவந்து எங்கள் கொட்டகையில் போட்டார்கள். ஓட்டியவன் யாரென்று கண்டுபிடிக்க டெல்லியிலிருந்து அதிகாரி வருகிறார் என்றதும் மேலாளர் மணவாளனுக்குக் கைகால் ஓடவில்லை.

"இன்னா சாராளு, ஒரே பாசியா கீது? அவுரு வரசொல்ல பளபளன்னு மின்னணும்."

செங்கல்பொடியும் தேங்காய்நாருமாக நாள் முழுக்கத் தேய்த்தாள். மின்னத்தான் மின்னியது. வால்பக்கம் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணும் பாசியோடு போய்விட்டது.

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். அந்த எண்ணை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். மணவாளன் கூசாமல் புளுகினார்: "தொடவே தொடாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் சார்!"

சாராள் அழவில்லை. "தேய்க்கசொல்ல பார்த்தேன் சார், அப்டியே கண்ணுல கீது," என்று கரித்துண்டால் தரையில் ஐந்து உருவங்களை வரைந்தாள்.

"படிச்சிருக்கியா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்."

தரையைக் கழுவச் சொன்னார். கழுவியவளும் அவள்தான். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. கோப்பை நானே மூடினேன்.

அந்த ஐந்தையும் நான் ஒரு தாளில் குறித்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து விமானியின் இருக்கைக்கு அடியில் எண் பொறித்த ஒரு தகடு கிடைத்தது. அதே ஐந்து, ஒரு கோடுகூட மாறவில்லை. அதிகாரியின் படம் பேப்பரில் வந்தது. கடல் தாண்டி யாரோ ஒரு தாய்க்குக் கடிதமும் போனது. மணவாளன் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். வெட்கங்கெட்ட நானும் குடித்தேன்.

ஐந்து வருஷம் கழித்து, கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்புக் கிடங்கில் அவளைப் பார்த்தேன். தகரம் பிரித்துக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் வெட்டு. மனசு கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் சொன்னது சரின்னு தகடு கெடச்ச அன்னிக்கே உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"இத்தச் சொல்றதுக்கு அஞ்சு வருசமா உனக்கு வாய் இல்லியா சார்?"

தகடு கிடைத்த அந்த மாதம்தான் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. மணவாளன்தான் சிபாரிசு செய்ய வேண்டும். அவளிடம் அதை மட்டும் நான் சொல்லவில்லை.