சகலன்ட காரும் என்ட ஏசியும்

சகலன் புதுக் கார் எடுத்ததில இருந்து எனக்கு வீட்டில நிம்மதி இல்ல.

"அத்தான்ட கார்ல ஏறினா பாசிக்குடா ஹோட்டலுக்குள்ள போன மாதிரிக் குளிருது" எண்டு மனிசி சொல்லுவா. என்ட கார்ல ஏறினா முந்தானையால விசுக்கிக்கொண்டு வருவா.

இண்டைக்குப் பொறுக்க ஏலாம ஏசி கராஜுக்குக் கொண்டு போனன்.

"காஸ் அடிங்க பாஸ். சகலன்ட கார விடக் குளிரணும்."

பாஸ் செக் பண்ணினார். "காஸ் சரியாத்தான் கிடக்கு. இதென்ன, ரேடியேட்டருக்கு முன்னுக்குக் கொசுவலை?"

கரடியனாறு போற றோட்டில நெல்லுக் காயப் போடுறாங்க. பதர் உள்ளுக்குப் போகாம நான்தான் கட்டினன். இப்ப வலை முழுக்கப் பதர் அடைஞ்சு கிடக்கு.

"காத்துப் போக வழியில்லாம எப்பிடிக் குளிரும்" எண்டு வலையக் கழட்டி எறிஞ்சுட்டு, தண்ணி அடிச்சுக் கழுவி விட்டார்.

பின்னேரம் மனிசிய ஏத்திக்கொண்டு வாவிக்கு மேல கல்லடிப் பாலத்தில போறன். எனக்கு விரலெல்லாம் விறைக்குது. அவ வாயத் திறப்பா எண்டு பாத்துக்கொண்டே ஓடுறன்.

அவ கதவுக் கண்ணாடிய இறக்கினா.

"இஞ்சேருங்க, ஏசிய நிப்பாட்டுங்க. வாவிக் காத்து எவ்வளவு நல்லா இருக்கு."

சகலன்ட கார்ல ஒரு நாளாவது கண்ணாடி இறங்கினதப் பாத்த ஆக்கள் இருந்தா, கீழ கமெண்ட்ல வந்து சொல்லிட்டுப் போங்க.