விலகிய நாள்

ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளர் சங்கத்தின் பதிவுகளைக் கணினியில் ஒழுங்குபடுத்தப் போனபோது அங்கே எழுதுவினைஞராக இருந்த அக்காவைச் சந்தித்தேன். பேசுமுன் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார்.

உறுப்பினரோ ஊழியரோ, விலகிய நாளிலிருந்து எண்ணி, குறித்த வருடங்கள் கழிந்ததும் பதிவு தானாக அழியும்படி அமைத்தேன். சந்தா நின்றுபோன உறுப்பினர்களில் ஒருவருக்கு மட்டும் அந்த நாள் இல்லை.

"இவர் எப்ப விலகினவர், அக்கா?"

கண்ணாடியைத் துடைத்தார். "விலகேல்லை, தம்பி. தொழிலுக்கெண்டு கடலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை."

"கடைசியாச் சந்தா கட்டின நாளைப் போடட்டோ?"

"போட்டால் எண்ணத் தொடங்கீடும், என்ன?"

"ஓம்."

"அப்ப வேண்டாம். விடும்."

விட்டுவிட்டேன். அவர் அக்காவுக்கு யாரென்று கேட்டிருக்கலாம்.

போன மாதம் திரும்பப் போனேன். அக்காவின் கதிரையில் வேறொருவர். கடலுக்குப் போனவருக்கு எதிரே இடம் இன்னும் வெறுமையாகக் கிடந்தது. அக்காவின் பெயருக்கு எதிரே நாள் விழுந்திருந்தது. கணினி எண்ணத் தொடங்கியிருந்தது.