தவசீலன் இருந்த வாங்கு

தவசீலன் காலமான செய்தி போன மாதம் ஒரு காலையில், நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பேருந்தில் எனக்குக் கிடைத்தது. கேட்டவுடன் என் விரல் அவருடைய தொலைபேசி இலக்கத்தைத்தான் தேடியது. எங்கள் அலுவலகத்தில் எதையும் முதலில் அவரிடம் சொல்வதுதான் வழக்கம். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐம்பது வயதுகூட ஆகாத அவரை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். நான் அதை முதலில் கேட்டது, ஒரேயொரு வேலைக்காகப் பட்டதாரிகள் பலர் வரிசையாக அமர்ந்து நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்த மர வாங்கில். பட்டப் பரீட்சையில் எனக்கு முதல் வகுப்புச் சித்தி. இருந்தும் முந்திய இரண்டு தேர்வுகளிலும் வாயே திறக்க முடியாமல் திரும்பியிருந்தேன். இதுவும் போனால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று சான்றிதழ்க் கோப்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். சாதாரண சித்திக்காரரான தவசீலனோ முன்பின் தெரியாதவர்களிடம் ஊர் விசாரித்து, சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

எனக்கு முன் உள்ளே போன அவர், வெளியே வந்ததும் நேரே என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

“ஏன் நடுங்கிறீர்? நடுவிலை இருக்கிறவர் முறைக்கிறார் எண்டு நினையாதையும், அவரின்ரை முகமே அப்பிடித்தான். வாடிக்கையாளர் வந்து கத்தினால் என்ன செய்வீர் எண்டு கேட்பினம். புத்தகத்திலை உள்ளதை விடும். வீட்டிலை அம்மா கத்தினால் என்ன செய்வீரோ, அதைச் சொல்லும்.”

“உங்களுக்கும் இந்த வேலை வேணுமெல்லே?”

“ஓம், வேணும். அதுக்காக நீர் நடுங்க வேணுமோ?”

உள்ளே போனேன். அந்தக் கேள்வி வந்தது. “அம்மா கத்தி முடியுமட்டும் பேசாமல் நிண்டு, பிறகு தேத்தண்ணி போட்டுக் குடுப்பன்” என்றேன். முறைத்த முகம் சிரித்தது. வேலை எனக்குக் கிடைத்தது.

சில வாரங்கள் கழித்து, அன்று நடுவில் இருந்த அதே முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். “அண்டைக்கு வெளியிலை எல்லாரையும் சிரிக்க வைச்ச பொடியன் ஆர்?” பெயரைச் சொன்னேன். அடுத்த மாதமே தவசீலன் விற்பனைப் பிரிவில் சேர்ந்தார். இரண்டே வருடத்தில் எனக்கு மேலதிகாரியும் ஆகிவிட்டார். ஆனால் அவருடைய மேசையில் ஒரு கடதாசி தேட அரை நாள் போகும். தேடிக் கொடுப்பது நான்தான். “உம்மடை ஒழுங்கும் என்ரை வாயும் சேர்ந்தால்தான், வதனி, ஒரு முழு ஆள்” என்பார். அது பகிடி அல்ல, எங்கள் இருவருடைய உத்தியோக வாழ்க்கையும் அப்படித்தான் ஓடியது.

இப்போது நடு நாற்காலியில் இருப்பவள் நான். என் முகமும் முறைக்கிற முகம்தானாம். போன கிழமை நேர்முகத் தேர்வு. முதல் ஆளைக் கூப்பிடுமுன் எழுந்து வெளியே போனேன். அரியாலையிலிருந்து வந்த ஒரு பிள்ளை கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி வாங்கின் நுனியில் இருந்தாள். முன்பின் தெரியாதவர்களோடு கதைப்பது எனக்கு இன்றும் வராது. தவசீலன் எனக்கு விட்டுப்போனது ஒரேயொரு கேள்விதான். அவள் பக்கத்தில் அமர்ந்து அதைக் கேட்டேன்.

“ஏன் பிள்ளை நடுங்கிறீர்?”

அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“நீங்களும்தானே, மிஸ்.”