பன்னுவின் காதும் ஞாயிற்றுக்கிழமைக் கடலும்

புளித்த மாவு வாசனைதான் முதலில் வந்தது.

மீன் கூடையும் ஈர வலையும் வாசலிலேயே கிடக்கும் எங்கள் ராயபுரம் வீட்டில், புதிதாக ஒரு வாசனையைக் கண்டுபிடிப்பது லேசில்லை. அம்மாவுக்குத் தெரியவில்லை. நைனாவுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் நாய் பன்னு என் தலையணையில் தலை வைத்துத் தூங்குவான் என்பதால் எனக்குத் தெரிந்தது.

அவன் இடது காதைத் தூக்கிப் பார்த்தேன்... உள்ளே சிவந்து, காபித்தூளைக் குழைத்த மாதிரி அழுக்கு.

அப்போதுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்ற கூச்சம். அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போய் மீன் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் பேச்சு அம்மாவுடையதுதான். நான் மனசு விட்டுப் பேசியது பன்னுவிடம் மட்டும். பட்டர் பன் நிறம், தொங்கும் காது... அதனால்தான் அந்தப் பெயர்.

கால்நடை ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். காதை மடக்கிப் பிடித்து மருந்தை விட்டு, அடியில் மெதுவாகத் தேய்த்தால் உள்ளே சளக் சளக் என்று சத்தம் வரும். பன்னு கண்ணைச் சொருகிக்கொண்டு பின்னங்காலால் காற்றைச் சொறிவான். அப்புறம் படபடவென்று தலையை உதறுவான், என் முகமெல்லாம் மருந்து.

சரியாகிவிடும். கொஞ்ச நாளில் மறுபடி அதே வாசனை.

நைனா விசைப்படகில் போகிறவர். கரைக்கு வந்தால் பாதி நேரம் தூக்கம், மீதி நேரம் வலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் ஓய்ந்து, சாப்பிட்டு முடித்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பன்னுவைத் தோளில் தூக்கிக்கொள்வார். நேராகக் கடல்தான். அவனை அலையில் விட்டு, நீந்த வைத்து, தலையோடு முக்கி எடுத்து... வாரம் முழுக்க வாய் திறக்காத மனுஷன் அப்போது சிரிப்பதைப் பார்க்க வேண்டும்.

அவரோடு படகில் வரும் அந்தோணி மாமா கரையிலிருந்து கத்துவார். "இன்னா மாமு, வாராவாரம் நாய்க்கு ஞானஸ்நானமா?"

"உனுக்குத்தான் குடுக்கணும், கலீஜு! வா இப்டி!"

காதில் புண் வந்ததும் நைனா இன்னும் அதிக நேரம் தண்ணீரில் வைத்திருந்தார். "உப்புத் தண்ணி பட்டா எந்தப் புண்ணும் ஆறிக்கும். என் கையப் பாரு" என்று உள்ளங்கையைக் காட்டுவார். கயிறு அறுத்த கோடுகள்... எல்லாம் கடலில் ஆறியவை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா முகம் சுளித்தார்.

"மறுபடியுமா? இப்படியே வந்துக்கிட்டு இருந்தா உள்ள தோல் தடிச்சு காது அடைச்சுக்கும்மா. அப்புறம் ஆபரேஷன்தான். அந்தக் காது கேக்காமக்கூடப் போயிடலாம். குளிப்பாட்டும்போது தண்ணி போவுதா?"

அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்கம்மா குளிப்பாட்டுறது? தண்ணி லாரி வந்தாத்தான் எங்களுக்கே குளியலு!"

கடலைப் பற்றி அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறைக்கவில்லை... அதைக் குளியலாகவே நாங்கள் நினைத்ததில்லை. எங்களுக்கு அது மருந்து.

பிறகு புயல் எச்சரிக்கை வந்தது. படகுகளைக் கட்டிவிட்டார்கள். கரைப் பக்கம் யாரையும் விடவில்லை. நைனாவும் பன்னுவும் வீட்டுக்குள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். நான் மருந்து விட்டுக்கொண்டே இருந்தேன். காது காய்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக, பார்க்கவே அழகாக இருந்தது.

வானம் வெளுத்தது. ஞாயிறு வந்தது. இரண்டு பேரும் குதித்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை என் தலையணையில் புளித்த மாவு.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? நைனா சிரிக்கும் நேரமே அதுதான்... சொல்லாமலிருந்தால் பன்னுவின் காது போய்விடும்.

நைனா பன்னுவை இறக்கும் கரையில் இப்போது அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டிவிட்டார்கள், கால் வைக்க முடியாது. அன்றைக்கு அங்கே ஒரு துண்டு மணல் இருந்தது. அடுத்த ஞாயிறு நானும் அம்மாவும்கூடப் போனோம்.

"வாடா என் தோஸ்து" என்று நைனா கையை நீட்டினார். நான் பன்னுவின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாணாம் நைனா."

"இன்னா வாணாம்?"

"தண்ணி உள்ள போயி நிக்குது. புயலப்போ எறங்கல, நல்லாயிட்ச்சு. திரும்ப எறங்குனான், திரும்ப வந்துட்ச்சு."

"உப்புத் தண்ணி ஆத்தும் பாப்பா..."

"உன் கை தொறந்து கீது, காத்து பட்டு காயுது. அவன் காது மூடிக்கினு கீதே நைனா. உள்ள எப்டி காயும்?"

அவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அம்மா என்னையே பார்த்தாள். நைனா குனிந்து பன்னுவின் காதைத் தூக்கி, மூக்கை வைத்து மோந்தார்.

"இவ்ளோ நாளு நாந்தான் நோவடிச்சிகினு இருந்தேனா?" என்றார். என்னிடம் இல்லை, அவனிடம்.

அதற்குப் பிறகும் காது முழுதாக ஆற ரொம்ப நாள் பிடித்தது. இப்போது பன்னு தெருமுனையில் பிஸ்கட் கவர் பிரிக்கும் சத்தத்துக்கே எழுந்து உட்காருகிறான். நான்தான் இன்னும் தினமும் அவன் காதை மோந்து பார்க்கிறேன்... வெறும் நாய் வாசனை.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நைனா தனியாகத் தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டார். கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர் மாதிரி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பன்னு மணலைப் பிறாண்டிக்கொண்டு முனகினான்.

பெரியவளான பிறகு நான் கடலில் இறங்கியதில்லை. நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். அன்றைக்கும் கரையில் ஆட்கள் இருந்தார்கள்.

பன்னுவின் பட்டையை அம்மா கையில் கொடுத்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நைனா நின்ற பக்கமாகத் தண்ணீரில் இறங்கினேன்.