தண்ணீர் இறக்கிய சனிக்கிழமை

எங்கள் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் இருந்தது என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. புதுக்கோட்டைப் பக்கமா, அங்கே குடிக்கவே தண்ணீர் கிடையாதே என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் தவறில்லை. திருமயத்துக்கும் அரிமளத்துக்கும் நடுவில், கண்மாய்க் கரைக்குக் கீழே இருக்கிறது எங்கள் ஊர். குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற கோடைகளை நானும் பார்த்திருக்கிறேன். அந்த ஊரில்தான் அப்பா முப்பதடி நீளத்தில் நீல டைல்ஸ் பதித்து ஒரு குளம் கட்டினார். ஊரார் அதற்குத் ‘துபாய்க்காரன் ஊருணி’ என்று பேர் வைத்தார்கள். அம்மா தொட்டி என்பாள். குளம் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம்.

அப்பாவுக்குத் துபாயில் வேலையே குளம் கழுவுவதுதான். காலையில் வேனில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் ஏழெட்டு பங்களாக்களின் குளங்களில் இலை அரித்து, பாசி தேய்த்து, மருந்து கலந்துவிட்டு வருவார். அந்தத் தண்ணீரில் ஒரு நாளும் அவர் இறங்கியதில்லை. வீட்டுக்காரர்கள் நாயைக் குளிப்பாட்டுவார்களாம். நாய்க்கு மிதவைச் சட்டை உண்டு என்று அப்பா லீவில் வந்து சொன்னபோது நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சொல்வதில் எது நிஜம், எது கிண்டல் என்று எங்களுக்குப் பிடிபட்டதே இல்லை.

குளம் கட்டியது ஆடம்பரத்துக்கு அல்ல. ஊருக்கே திரும்பி வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். அந்த வருடம் அது கைகூடி வந்திருந்தது. பக்கத்துப் பள்ளி ஒன்றில் தை முதல் பிள்ளைகளை வேனில் அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். அப்பா விசாவை முடித்துக்கொண்டு பொங்கலுக்கு வருகிறார், இனிமேல் போகமாட்டார். இதை அம்மா கீரைக்காரியிடம்கூடச் சொல்லிவிட்டாள். எனக்குப் பத்து வயது. அப்பாவோடு சேர்ந்தாற்போல இரண்டு மாதம் இருந்ததாக எனக்கு நினைவே கிடையாது.

அவர் இல்லாத நாட்களில் குளத்தைப் பார்த்துக்கொண்டது அம்மாதான். சனிக்கிழமை தவறாமல் மருந்து போடுவாள். நீளக் கம்பு கட்டிய வலையால் வேப்பிலையும் செத்த தவளையும் அள்ளுவாள். மோட்டாரைப் போட்டு வடிகட்டியில் தண்ணீரைச் சுற்றவிடுவாள். சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டு, வந்த நிறத்தைப் போனில் அப்பாவுக்குச் சொல்வாள். “ரோஸும் இல்ல, செவப்பும் இல்ல, நம்ம பீட்ரூட் பொரியல் தண்ணி மாதிரி இருக்குங்க” என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு அந்தப் பக்கம் அப்பா சிரித்தது எனக்கே கேட்டது.

ஆனால் அம்மாவின் மனதில் அது கடைசிவரை தொட்டிதான். மேல்தொட்டியை வருடத்துக்கு ஒருமுறை கழுவுகிற மாதிரி, போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது அதையும் காலியாக்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய தண்ணீரோடு பொங்கல் வைப்பதாவது என்பாள். அழுக்குத் தண்ணீரைத் தென்னைக்கு விட்டு, ஒரு நாள் காயப்போட்டு, அப்பா அனுப்பும் பணத்தில் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புவது வழக்கமாகிவிட்டது. நான்கைந்து வருடம் மழையே இல்லாததால் அதில் ஒரு கேடும் வந்ததில்லை. அதனால் அப்பாவும் விட்டுவிட்டார்.

எனக்கும் தம்பிக்கும் தீபாவளியைவிடப் பெரிய நாள் அது. ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து ஆழமான பக்கத்துக்குத் தரை சரிந்து இறங்கும். சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு மேலே உட்கார்ந்து ஒரு தள்ளு தள்ளினால் கீழே போய் முட்டிக்கொண்டுதான் நிற்போம். அந்த வருடம் என் வகுப்பில் நான்கு பேரைச் சறுக்கி விளையாட வரச்சொல்லியிருந்தேன். அதற்கு ஈடாக ஒருத்தியிடமிருந்து ஸ்ட்ராபெரி வாசனை ரப்பரும், இன்னொருத்தியிடமிருந்து மினுங்குகிற பேனாவும் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது.

அந்த ஐப்பசியும் கார்த்திகையும் மழை விடவேயில்லை. எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாகக் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. எங்கள் கிணற்றில் குனிந்து கையாலேயே மொள்ளலாம் என்றானது. கொல்லையில் கால் வைத்த இடமெல்லாம் ஊற்று கசிந்தது.

மார்கழிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அப்பாவின் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“ஆத்தா, கண்மாய் நெறஞ்சு கெடக்குன்னு மாமா சொன்னுச்சு. அதனால இந்தத் தடவ தொட்டித் தண்ணிய எறக்க வேணாம். நான் வந்து பாத்துக்கிறேன். அம்மாட்டச் சொல்லிரு. மறந்துறாதடா.”

“ஏம்ப்பா?”

“அடியில தண்ணி நிக்கிதுல்ல, தொட்டி காலியா இருந்தா அப்படியே மேல தூக்கிரும்.”

நான் சிரித்துவிட்டேன். அத்தனை பெரிய காங்கிரீட் தொட்டியைத் தண்ணீர் தூக்குமாம். நாய்க்குச் சட்டை உண்டென்று கதை சொன்னவர்தானே என்று நினைத்துக்கொண்டேன். சரிப்பா என்று போனை வைத்தேன்.

அம்மா வந்து, போன் வந்ததா என்று கேட்டாள். வந்தது, சாப்பிட்டீங்களா என்று கேட்டார் என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. மறந்து போய்ச் சொல்லாமல் விடவில்லை. சொல்ல வாயெடுத்தேன், ரப்பரின் வாசனை ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பத்து வயதிலேயே எனக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்தது.

மறுநாள் காலையில் மாமா மோட்டார் கொண்டுவந்து போட்டார். அவர் அம்மாவின் தம்பி. கண்மாய் நிறைந்த சேதியை அப்பாவுக்குச் சொன்னவரும் அவர்தான், ஆனால் அதற்கும் தொட்டிக்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்கு எப்படித் தெரியும்? மதியத்துக்குள் குளம் காலி. நாங்கள் ஆறு பேரும் பாவாடையும் டவுசரும் கிழியக் கிழியச் சறுக்கினோம். அடித்தரை வழக்கத்தைவிடச் சில்லென்று இருந்தது. ஆழமான மூலையில் டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் முத்து முத்தாக அரும்பியதைத் தம்பி காட்டினான். வேர்க்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்குப் பிறகு எனக்கு வந்ததாக நினைவில்லை, அதைச் சொல்லவும் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கொல்லையில் பெரிய மரம் முறிந்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். குளத்தின் ஆழமான பக்கம் தரையைவிட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. நடுவில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை பிளந்திருந்தது. பிளவின் வழியே செம்மண் தண்ணீர் பொங்கிப் பொங்கி வந்துகொண்டிருந்தது. அம்மா கோலப்பொடிக் கையோடு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

குளத்தைக் கட்டிய கொத்தனாரை மாமா கூட்டிவந்தார். அடியில் ஊறும் தண்ணீர் வெளியேற ஒரு வழி வைக்கச் சொல்லி அன்றைக்கே அப்பா கேட்டிருக்கிறார். இந்த வறண்ட ஊரில் கீழேயிருந்து எங்கே தண்ணீர் வரப்போகிறது என்று கொத்தனார்தான் சிரித்துத் தட்டிக்கழித்திருக்கிறார். இப்போது அவர் சிரிக்கவில்லை. உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

அப்பா போகிக்கு முதல் நாள் வந்தார். திருச்சியிலிருந்து வந்த கார் நின்றதும், பெட்டிகளை இறக்காமல், ஷூவைக் கழற்றாமல் நேரே கொல்லைக்குப் போனார். பிளவின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உடைந்த டைல்ஸை விரலால் தடவிப் பார்த்தார். அம்மா பின்னாலேயே நின்று அழுதாள்.

“வருசா வருசம் கழுவுறதுதானேன்னு கழுவினேங்க. எறக்க வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

அப்பா நிமிர்ந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லணும்னுதான் நெனச்சேன்,” என்றார். “வேல முடிக்கிற அலைச்சல்ல மறந்துபோச்சு.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னிடம் சொன்னதையே அப்பா மறந்துவிட்டார் என்று முழுமனதாக நம்பினேன். அப்பாவுக்கு மறதியைக் கொடுத்ததற்காகப் பொங்கலன்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காயைச் சிதறுகாய் போட்டேன்.

அதன்பிறகு அது அப்பாவின் மறதி என்றே எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. மாமா எந்த விசேஷத்திலும் விடமாட்டார். “ஊரான் கொளத்தையெல்லாம் கழுவுன ஆளு, சொந்தக் கொளத்துக்கு ஒரு வார்த்த சொல்ல மறந்துட்டாரு மச்சான்” என்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வராது. போன பொங்கலுக்குக்கூட என் கணவரிடம் அதைச் சொல்லிக் குறைப்பட்டாள். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன்.

பள்ளிக்கூட வேன் வரவில்லை. சித்திரையில் அப்பாவுக்கு யார் மூலமோ புது விசா கிடைத்தது. இந்தத் தடவை குள வேலை இல்லை, வெயிலில் கட்டட வேலை. எட்டு வருடம் இருந்தார். நான் பெரியவளானது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது எல்லாம் அவருக்குப் போனில் வந்த செய்திதான். இடுப்பு போனபிறகுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார்.

அந்தச் சித்திரையில் புறப்பட்ட அன்று கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்துக் கொடுத்தார். “போன்ல அப்பா எதாச்சும் சொன்னா ஒடனே இதுல எழுதிக்க ஆத்தா. சின்னப் புள்ளைக்கி எல்லாம் ஞாபகத்துல நிக்காதுல்ல,” என்று சொல்லி, யாருக்கும் தெரியாமல் என் கன்னத்தில் தட்டினார்.

எனக்கு நோட்டு கிடைத்த சந்தோஷம். அவர் கார் கண்மாய்க் கரையைத் தாண்டும் முன்பே முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அவர் எதையும் மறக்கவில்லை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நம்பித்தான் அவர் அந்தப் பழியை வாங்கிக்கொண்டார். வேண்டுமென்றே மறைத்திருப்பேன் என்று ஒரு கணம்கூட அவருக்குத் தோன்றவில்லை.