முதலாளி கொடுத்த பால்

பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிப் பாளம் போடுகிற பட்டறையில் அவனை எல்லாரும் இரும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சல் என்று படுக்க மாட்டான், புகையில் நின்றால் இரும மாட்டான், உலைக்கு முன்னால் சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பான் என்பதற்காக மேஸ்திரி சூட்டிய பட்டம் அது. அதைப் பாராட்டு என்று நினைத்து அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். கையுறைகூட வாங்கித் தராமல் ஒருத்தனை வேலை வாங்குவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது என்பது அவன் பெண்டாட்டிக்குக் கல்யாணமான புதிதிலேயே விளங்கிவிட்டது. அவனுக்கு மட்டும் விளங்கவேயில்லை.

அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஊரார் சட்டைகளைக் காலர் வேறு கை வேறு என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்தால் புருஷனின் சட்டைதான் பெரிய ரோதனை. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு மாவு அப்பியிருக்கும். உதறினால் எழும்பும், நனைத்தால் குழையும், எத்தனை அலசினாலும் தண்ணீர் தெளியாது. அந்தக் கோலத்திலேயே அவன் வேலை விட்டுத் தெரு முழுக்க நடந்து வருவான். பட்டறையில் குளியலறை இல்லாமல் இல்லை. அதற்குள் முதலாளியின் பழைய மோட்டார் சைக்கிள் நின்றது, கதவுக்குப் பூட்டு. முகமூடிகளும் இருந்தன. ஆணியில் தொங்கும். சோதனைக்கு அதிகாரிகள் வருகிற அன்று முகத்துக்கு வரும், அவர்கள் காரில் ஏறியதும் ஆணிக்குத் திரும்பும்.

"துணிய வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாங்களேன்" என்று அவள் சொல்லாத நாளில்லை.

"இது உழைச்ச அழுக்குடி. உன் தம்பி மாதிரி ஃபேனுக்கு அடியில உக்காந்து பேனாவ உருட்டிட்டு வரல நான்."

"உழைச்ச அழுக்க வெளிய வெச்சா யாராவது திருடிட்டுப் போயிடுவாங்களா?"

அவனுக்கு அது மண்டையில் ஏறாது. சட்டை அழுக்காக இருக்க இருக்க, தான் பெரிய ஆம்பளை என்று ஒரு நினைப்பு. அவன் தலை தெரிந்ததும் மகள் குட்டி ஓடி வருவாள். அவளை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொள்வான். குட்டி அவன் சட்டையில் மூக்கைத் தேய்ப்பாள், பித்தானை வாயில் வைத்துக் கடிப்பாள். இந்தக் காட்சியைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா பூரித்துப்போய், "அப்பா செல்லம்" என்று சொல்லாமல் போனதில்லை.

முதலாளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை முடிகிற நேரத்தில் அவர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, ஆளுக்கொரு டம்ளர் பால் தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். பால் குடித்தால் உடம்பில் சேர்ந்த ஈயமெல்லாம் கீழே இறங்கிவிடும் என்பது அவர் சொன்ன வைத்தியம். புகைபோக்கி வைப்பதற்கும், குளியலறையைத் திறந்துவிடுவதற்கும், முகமூடிக்கு வடிகட்டி மாற்றுவதற்கும் பதிலாக ஒரு வாளிப் பால். அதையும் ஏதோ சொத்தையே எழுதிக் கொடுப்பதுபோல நீட்டுவார். இவர்களும் கை கூப்பி வாங்கிக் குடிப்பார்கள். இரும்பு அதை வீட்டில் வந்து வாய் கிழியப் பேசுவான். "எந்த முதலாளி இப்படி செய்வாரு சொல்லு? பெத்த தகப்பன் மாதிரி." மாமனார் இதைக் கேட்டிருந்தால் நிச்சயம் கோபப்பட்டிருப்பார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

குட்டிக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிற பிள்ளை, கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள், ஒன்றுமில்லாததற்குக் கத்துவாள். ஒருநாள் பூனையைக் காட்டி, அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். போன மாதம் வரைக்கும் அந்தப் பூனையோடு நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தவள். மறுநாள் அம்மா கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரும்பும் கூட வந்தான்.

டாக்டரம்மா முதலில் கேட்டதே அப்பாவின் வேலையைத்தான். பிறகு குட்டிக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"குழந்தை ரத்தத்துல ஈயம் இருக்கு. நிறையவே இருக்கு. பேச்சு, ஞாபகம், நாளைக்கு படிப்பு, எல்லாத்தையும் இது அரிச்சிடும். போனது முழுசா திரும்பும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா மேற்கொண்டு உள்ள போகாம தடுத்தா, இருக்கறத காப்பாத்தலாம்."

"ஈயத்துலயே குளிக்கிறவன் நான். எனக்கே ஒண்ணும் இல்ல, வீட்ல இருக்கற குழந்தைக்கு எப்படிம்மா வரும்?" என்றான் இரும்பு.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு யார் சொன்னா? கைய நீட்டுங்க, உங்களுக்கும் எடுத்துப் பாத்துடலாம்."

உலைக்கு முன்னால் சட்டையைத் திறந்துவிட்டு நிற்கிற மகாவீரன் சட்டென்று கையைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டான். ஊசி என்றால் அவனுக்கு ஆகாது. "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சிரித்து மழுப்பினான். போன தடவை அதே ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் மகளை அவள் பார்த்தாள். இவனைப் போய் இரும்பு என்கிறார்களே என்று வாய்வரை வந்ததை, டாக்டரம்மாவுக்கு மரியாதை கொடுத்து விழுங்கிக்கொண்டாள்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் மாறியது. வேலைத் துணி பின்வாசலில் கழற்றப்பட்டு மூடி போட்ட டப்பாவுக்குள் போக வேண்டும். செருப்பு வெளியே. தலைக்குக் குளித்து, மாற்று லுங்கி கட்டிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்கலாம், குழந்தையைத் தொடலாம். தரையை விளக்குமாற்றால் பெருக்குவதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்தாள். அவன் துணியைத் துவைக்கத் தனி வாளி வைத்தாள்.

"சொந்த வீட்டுக்குள்ள வர்றதுக்கு எனக்கு விசா வேணுமா?" என்று அவன் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான்.

"வேணும். சோப்பு போட்டு வாங்குங்க."

முதல் சில நாள் அவளே முன்கூட்டி வந்து வாசலில் காவல் நின்றாள். அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. அவள் கடையிலிருந்து வருவதற்குள் அவன் குளித்து, குட்டியைப் பக்கத்து வீட்டிலிருந்து கூட்டிவந்து மடியில் வைத்துக்கொண்டிருப்பான். டப்பா மூடியிருக்கும், தலை ஈரமாக இருக்கும், நகக்கண்ணில்கூடக் கறுப்பு இருக்காது. பட்டறைப் பெருமையும் குறைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு விஷயமாவது இந்த மண்டைக்குள் போனதே என்று அவளுக்கு ஒரு நிம்மதி. தன் வாய்க்குக் கிடைத்த வெற்றி என்றுதான் நினைத்தாள்.

இரண்டாவது பரிசோதனையில் ஈயம் முன்பைவிடக் கூடியிருந்தது.

அவள் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரும்புக்கோ முகத்தில் ஒரு வெளிச்சம். "பாத்தியா? என் துணின்னு கெடந்து குதிச்சியே! தெனமும் தேச்சுத் தேச்சுக் குளிச்சு தோலே போச்சு. இப்ப என்ன சொல்ற?" பெற்ற பெண்ணின் ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறது, இவனுக்கு வழக்கில் ஜெயித்த சந்தோஷம். அவனை அந்த அறையிலேயே நாலு அறை அறையலாம் போல இருந்தது அவளுக்கு.

டாக்டரம்மா அவர்கள் இருவரையும் விட்டுவிட்டுக் குட்டியிடம் குனிந்தார். "சாயங்காலம் என்ன சாப்பிடுவீங்க தங்கம்?"

குட்டி ரொம்ப நேரம் யோசித்தாள். சொல் கிடைக்காமல் வாய் திறந்து மூடியது. கடைசியில், "அப்பா பால்" என்றாள்.

"என்ன பால்?"

"அதா?" இரும்பு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது நம்ம ஏற்பாடும்மா. நீங்க ஈயம்னு சொன்னதுக்கப்புறம் என் பங்குப் பால நான் குடிக்கறதில்ல. சின்னத் தூக்குல வாங்கிட்டு வந்து இவளுக்குக் குடுத்துடறேன். ஈயத்த இறக்கிடும்ல? நீங்க எழுதிக் குடுத்த மருந்து ஒரு பக்கம், இது ஒரு பக்கம்." பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "உங்கிட்ட சொன்னா அதுக்கும் ஏதாவது சொல்லுவ. அதான் சொல்லல" என்றான்.

"அந்தப் பால எங்க வெச்சிருப்பாங்க?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"பேட்டரி உடைக்கிற பெஞ்சு மேலதான். காய்ச்சிக் கொண்டாந்து ஆற வெப்பாங்க."

"மூடியா?"

"மூடி வெச்சா எப்படி ஆறும்? மேல கொஞ்சம் கறுப்பா ஆடை படியும். ஊதி ஒதுக்கிட்டுக் குடிச்சா ஒண்ணும் தெரியாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். பால் சத்துள்ளதுதான், ஆனால் ஈயத்தை இறக்குகிற மருந்து இல்லை. அந்தக் கறுப்பு ஆடை வேறொன்றுமில்லை, பெஞ்சிலிருந்து பறந்து விழுந்த ஈயத்தூள். ஊதினால் மேலே இருப்பதுதான் ஒதுங்கும், மற்றதெல்லாம் பாலிலேயே இருக்கும். சட்டை வழியாகப் போனதைவிட இப்போது நேராக வயிற்றுக்கே போயிருக்கிறது.

"முதலாளி சொன்னாரேம்மா" என்றான் இரும்பு.

வீடு வரும்வரை அவன் குட்டியைத் தூக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல நடந்தான். அவளிடம் வசவுக்கா பஞ்சம்? வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் ஒன்றுகூட வரவில்லை. தன்னைக் காப்பாற்றுகிற மருந்து என்று நம்பியதைக் குடிக்காமல் இவன் பெண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறான். முட்டாளைத் திட்டலாம், பாசக்காரனைத் திட்டலாம், இரண்டும் ஒரே ஆளாக வந்து நின்றால் எதைப் பிடித்துத் திட்டுவது? அவளுக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. அது வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த எரிச்சலையெல்லாம் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டாள், போய்க் கொட்ட வேண்டிய இடம் வேறு இருந்தது.

மறுநாள் பால் ஊற்றுகிற நேரத்துக்குச் சரியாகப் பட்டறைக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் தொண்டை கரகரத்தது. ஆட்கள் கையில் டம்ளரோடு வரிசையாக நின்றார்கள், நடுவில் இரும்பு. பெஞ்சில் பேட்டரிச் சில்லுகளுக்கு நடுவே வாளி. வெள்ளைச் சட்டையில் முதலாளி, கரண்டியோடு. அந்தச் சட்டை அவள் கடைக்கு வருகிற சட்டைதான். அதன் காலரில் ஒருநாளும் சாம்பல் தூசியை அவள் பார்த்ததில்லை. இந்தத் தளத்தில் இவர் நிற்பது பால் ஊற்றுகிற நேரம் மட்டும்தான் என்று இப்போது தெரிந்தது.

அவள் முதல் ஆளின் டம்ளரை வாங்கி வாளியில் முக்கி எடுத்தாள். முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"குடிங்க."

"யாரும்மா நீ?"

"இரும்போட பெண்டாட்டி. குடிங்க சார். உடம்புக்கு நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

முதலாளி டம்ளரைப் பார்த்தார். மேலே மிதந்ததைப் பார்த்தார். அரை அடி பின்னால் நகர்ந்தார். "எனக்குப் பால் ஒத்துக்காதும்மா. வயித்துல கேஸ்."

"அப்ப மேஸ்திரி குடிக்கட்டும்."

மேஸ்திரிக்கு அந்த நேரம் பார்த்துப் போனில் அவசரமாக ஏதோ வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இரும்பு ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தான். "வாடி போலாம். மானத்த வாங்காத." அவள் அசையவில்லை. டம்ளரையும் இறக்கவில்லை.

முதலாளிக்கு ஆள் கிடைத்துவிட்டான். தோளில் கை போடுகிற குரலில் பேசினார். "இரும்பு, நீயே சொல்லுப்பா உன் சம்சாரத்துக்கு. எத்தனை வருஷமா என் கையால குடிக்கிற? உனக்கு என்ன ஆச்சு? ஏதாவது ஆச்சா?"

எல்லாரும் இரும்பைப் பார்த்தார்கள். இப்படி ஒரு கேள்வி வந்தால் மார்பில் தட்டிக்காட்டுவது அவன் வழக்கம். இன்றைக்குக் கை எழவில்லை. பெண்டாட்டியின் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்ச நாளா நான் குடிக்கல முதலாளி" என்றான். "எம்பொண்ணுதான் குடிச்சா."