பெட்டிக்குள் இலவம்பஞ்சு

ரேடியோவுக்காகத் தம் கையாலேயே செய்த ஸ்பீக்கர் பெட்டி அதிராமலிருக்க, என் கணவர் அதற்குள் இலவம்பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். "எலி வந்து கூடு கட்டிப்புடும்ல. கொஞ்சம் பாஷாணம் தூவுவமா?" என்றார்.

நான் சிறுமியாக இருந்தபோது, கோம்பை ஊரில் எங்கள் வீட்டில் அப்பாவும் கிராமபோன் பெட்டிக்குள் இப்படித்தான் பஞ்சைத் திணித்து, எலிப் பாஷாணம் தூவியிருந்தார். என் ஐந்து வயதுத் தங்கை அந்தப் பஞ்சை உருவி, எச்சில் தொட்டு முகவாயில் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

"யக்கா, நான் கிழவனாயிட்டேன் பாரு!"

நானும் அம்மாவும் சிரித்தோம். பொழுது சாய்வதற்குள் வாந்தியெடுத்து வாந்தியெடுத்தே அடங்கிப்போனாள்.

"எலி மருந்து வேணாங்க. காஞ்ச வேப்பிலை போதும்," என்றேன் கணவரிடம். எலிக்கு அது போதுமா, எனக்குத் தெரியவில்லை. பஞ்சு நானே மரத்தடியில் பொறுக்கிய காயிலிருந்து எடுத்ததுதான். ஆனாலும், தவழ்ந்துவரும் மகனைப் பார்த்ததும், அதில் ஒரு துணுக்கை எடுத்து முதலில் என் நாக்கில் வைத்தேன்.